இரண்டு செட் பிளேடு, மூன்று குதிரை, கையில் ஒரு வட்டம்

வாசகர் கேள்விக்குக் கால்நடை மருத்துவர் பதில்

இங்கிலாந்தில் ஒரு கிராமப்புறக் குதிரை லாயத்தில் வேலை பார்க்கும் 34 வயது வாசகர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயரையும் ஊரையும் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். கடிதத்தின் சாரம் இதுதான்.

கிண்டி ரேஸ் கோர்ஸில் பல வருடம் குதிரையைப் பராமரிக்கும் சைஸாக இருந்தவர். தேய்ப்பது, நடத்துவது, தீனி, லாடம் எல்லாம் அத்துப்படி. ஆனால் சென்னை வெயிலில் குதிரைக்குக் கனத்த குளிர்கால ரோமம் வளராது என்பதால், ரோமம் வெட்டும் கிளிப்பர் மெஷினைக் கையில் எடுத்ததே இல்லை. இப்போது இருக்கும் இடத்தில் 20 குதிரைகள். அக்டோபரில் தொடங்கிய கிளிப்பிங் வேலை முழுவதும் இவர் தலையில். யாரும் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்கவில்லை. 11 குதிரைகளை முடிப்பதற்குள் இரண்டு புது செட் பிளேடும் போய்விட்டன. பத்து நிமிடத்தில் சூடேறுகிறது, முடியைப் பிடித்து இழுக்கிறது, கோடு கோடாக விட்டுவிட்டுப் போகிறது. வெட்டாதபோது நட்டை இறுக்குகிறார். டபிள்யூடி-40 ஸ்ப்ரே அடிக்கிறார், அது தீர்ந்தால் தேங்காய் எண்ணெய். வேலை முடிந்ததும் பிளேடை மண்ணெண்ணெயில் முக்கி, சோப்பும் வெந்நீரும் விட்டுக் கழுவி, துடைத்து, பிளாஸ்டிக் டப்பாவில் மூடி வைக்கிறார். இப்போது துரு. உப்புத்தாளில் தேய்த்தால் கூர் வந்துவிடும் என்கிறார் ஒரு நண்பர். பிளேடு விலையைச் சம்பளத்தில் பிடிக்கப்போவதாக யார்டு மேனேஜர் சொல்லியிருக்கிறார்.

கடிதத்தின் கடைசியில், போகிற போக்கில் சொல்வதுபோல இன்னொன்று: கிளிப் செய்து இரண்டு மூன்று வாரத்தில் மூன்று குதிரைகளுக்கு வயிற்றுப்பட்டி படும் இடத்திலும் கழுத்திலும் வட்ட வட்டமாக முடி கொட்டியிருக்கிறது. இவருடைய முழங்கைக்குக் கீழேயும் ஒரு வட்டம், அரிக்கிறது. ஊரிலிருந்து கொண்டுவந்த க்ரீமைத் தடவினால் அரிப்பு அடங்குகிறது, வட்டம் மட்டும் பெரிதாகிறது. மேனேஜரிடம் இதைச் சொல்லவில்லை.

முதலில் உங்கள் கையும் அந்த மூன்று குதிரைகளும்

நண்பரே, நீங்கள் கடைசியில் எழுதியதைத்தான் நான் முதலில் எடுத்துக்கொள்கிறேன். பிளேடு நாளை வாங்கிக்கொள்ளலாம். நீங்கள் விவரிக்கும் வட்டங்கள் படர்தாமரை போலத் தெரிகின்றன. இது பூஞ்சைத் தொற்று. குதிரையிடம் பெரும்பாலும் டிரைகோஃபைட்டான் வகைப் பூஞ்சையால் வரும், மனிதருக்கும் தொற்றும். தொற்றியதிலிருந்து வெளியே தெரிய ஒரு வாரம் முதல் மூன்று நான்கு வாரம் வரை ஆகும். கிளிப் செய்த பிறகு உங்கள் குதிரைகளில் அது தலைகாட்டிய காலம் இதற்குள் பொருந்துகிறது. கிளிப்பர் தோலில் கண்ணுக்குத் தெரியாத சிறு கீறல்களைப் போடுகிறது. முந்தைய குதிரையின் முடித்துணுக்கும் பொருக்கும் பிளேடில் ஒட்டியிருந்தால், அதே கீறல் வழியாக அடுத்த குதிரைக்குப் போகிறது.

கடிதத்தை மட்டும் வைத்து நான் உறுதி சொல்ல முடியாது. கிளிப் செய்த மறுநாளே உடல் முழுக்கப் பொடிப்பொடியாகத் தடித்திருந்தால் அது சூடான அல்லது மழுங்கிய பிளேடு உண்டாக்கிய எரிச்சலாக இருக்கலாம். மழையில் நனையும் முதுகில் முடி கொத்துக்கொத்தாகப் பொருக்கோடு கழன்று வந்தால் அது பாக்டீரியா வேலை. வட்டமும், ஓரத்தில் முறிந்த முடியும், சாம்பல் நிறச் செதிலும் இருந்தால் படர்தாமரையைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். லாயத்துக்கு வரும் கால்நடை மருத்துவர் வட்டத்தின் ஓரத்து முடியைப் பிடுங்கிப் பரிசோதனைக்கு அனுப்புவார். பூஞ்சையை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் என்றால் இரண்டு மூன்று வாரம்கூட ஆகும், பிசிஆர் என்றால் சில நாட்களில் தெரிந்துவிடும். புறஊதா விளக்கடித்துப் பார்த்து ‘ஒளிரவில்லை, அதனால் இல்லை’ என்று யாராவது சொன்னால் அதை நம்பி இருந்துவிடாதீர்கள். குதிரையிடம் அதிகம் காணப்படும் டிரைகோஃபைட்டான் அந்த விளக்கில் ஒளிராது.

அதுவரை அந்த மூன்றையும் கிளிப் செய்யாதீர்கள். அவற்றின் பிரஷ், போர்வை, வயிற்றுப்பட்டி எதையும் மற்றவற்றுக்குப் போடாதீர்கள். தொடும்போது கையுறை போடுங்கள். உறுதியானால் பூஞ்சையைக் கொல்லும் எனில்கொனசோல் கழுவுநீரை மருத்துவர் எழுதித் தருவார். வழக்கமாக 1 பங்குக்கு 50 பங்கு தண்ணீர் கலந்து, மூன்று நான்கு நாள் இடைவெளியில் நான்கு முறை போடுவது. மருந்தே போடாவிட்டாலும் குதிரைக்குப் பெரும்பாலும் இரண்டு மூன்று மாதத்தில் தானாக ஆறிவிடும். ஆனால் அதற்குள் லாயம் முழுக்கப் பரவிவிடும். அந்தப் பூஞ்சையின் விதைத்துகள்கள் மரத்திலும் துணியிலும் மாதக்கணக்கில், சில சமயம் ஒரு வருடத்துக்கு மேலும் உயிரோடு கிடக்கும்.

உங்கள் கைக்கு வருகிறேன். ஊரிலிருந்து கொண்டுவந்த அந்த க்ரீமின் டியூபை எடுத்துப் பாருங்கள். க்ளோபெட்டசால், பெட்டாமெத்தசோன், பெக்லோமெத்தசோன் என்று ஏதாவது எழுதியிருந்தால் அதில் ஸ்டீராய்டு இருக்கிறது. ஸ்டீராய்டு அரிப்பையும் சிவப்பையும் அமுக்கும், பூஞ்சையைக் கொல்லாது. அமுங்கிய தோலில் பூஞ்சை தாராளமாகப் பரவும். அரிப்பு அடங்கி வட்டம் மட்டும் பெரிதாவதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். நம் ஊரில் பூஞ்சை மருந்தையும் ஸ்டீராய்டையும் ஒன்றாகக் கலந்த க்ரீம்கள் மருந்துக்கடைகளில் சர்வ சாதாரணம், அதனால் ஏமாறுவதும் சாதாரணம். பக்கத்து மருந்துக்கடையில் பார்மசிஸ்டிடம் கையைக் காட்டுங்கள். அப்பாயின்ட்மென்ட் தேவையில்லை. குதிரையோடு வேலை பார்ப்பதையும் எந்த க்ரீம் தடவினீர்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். ஸ்டீராய்டு நிறையப் போட்டிருந்தால் உங்களை ஜிபி எனப்படும் குடும்ப டாக்டரிடம் அனுப்புவார்கள். போய்விடுங்கள்.

மேனேஜரிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். படர்தாமரை உங்கள் குற்றம் அல்ல. நூற்றுக்கணக்கான லாயங்களில் குளிர்காலத்தில் வருவதுதான். நீங்கள் மறைத்து, சொந்தக்காரர் ஒருவர் தன் குதிரையைப் போட்டிக்குக் கொண்டுபோன இடத்தில் அது தெரியவந்தால், அப்போதுதான் உங்கள் வேலைக்கு ஆபத்து. வாயால் சொன்ன கையோடு ஒரு வரி மெசேஜும் அனுப்பிவையுங்கள், தேதியோடு இருக்கும்.

பிளேடு ஏன் போனது

நீங்கள் நினைப்பது: சரியாகக் கழுவாததால் கெட்டுவிட்டது. இல்லை. பிளேடின் ஆயுள் பெரும்பாலும் முடிவாவது கழுவும்போது அல்ல, வெட்டுவதற்கு முன்பும் வெட்டும்போதும்தான்.

உங்கள் மெஷினில் இரண்டு தகடுகள். கீழே நீளப் பல்லோடு அசையாமல் இருப்பது சீப்பு. மேலே குட்டைப் பல்லோடு பக்கவாட்டில் ஓடுவது வெட்டி. கத்தரிக்கோலைப் போலத்தான். இரண்டு அலகும் உரசும் கோட்டில் மட்டுமே வெட்டு நடக்கிறது. அந்த உரசலுக்கு இடையில் எண்ணெய்ப் படலம் இருக்க வேண்டும். எண்ணெய்க்குப் பதிலாக மணல் புகுந்தால் அது நிமிடங்களில் கூரைத் தின்றுவிடும். காய்ந்த சேற்றோடு இருக்கும் ஒரு காப் (கட்டைக் குட்டையான, பருத்த உடல்வாகுள்ள) குதிரை, அதன் ஒரு பக்கத்தை வெட்டுவதற்குள் புத்தம்புது பிளேடை முடித்துவிடும்.

ஆகவே முதல் பராமரிப்பு குதிரையைச் சுத்தம் செய்வது. முடிந்தால் முதல் நாளே ஷாம்பூ போட்டுக் குளிப்பாட்டி, வியர்வை உறிஞ்சும் போர்வை போட்டு முழுக்கக் காயவிடுங்கள். குளிரில் அது முடியாது என்றால் குதிரை தேய்க்கும் ரப்பர் பிரஷால் வட்டமாகத் தேய்த்து அடிமண்ணை மேலே கொண்டுவந்து, கெட்டிப் பிரஷால் தட்டி, பிறகு வெந்நீரில் நன்றாகப் பிழிந்த துணியால் ரோமத்தின் எதிர்த்திசையில் துடையுங்கள். துணி சாம்பல் நிறமாக வரும். அந்தச் சாம்பல்தான் உங்கள் பிளேடைத் தின்றது. ஈரம் துளியும் இருக்கக் கூடாது. ஈர முடி தகடுகளுக்கு நடுவே மடிந்து அடைத்துக்கொள்ளும்.

டபிள்யூடி-40 பற்றி: அது பெரும்பகுதி கரைப்பான். அடித்தவுடன் வழவழப்பாகத் தெரியும். இருக்கிற எண்ணெயையும் கரைத்துவிட்டுச் சீக்கிரம் ஆவியாகிவிடும். குதிரையின் தோலுக்கும் ஆகாது. தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறையத் தொடங்கும். இங்கிலாந்துக் குளிர்கால லாயத்தில் அது எண்ணெயாக இருக்கவே இருக்காது. முடித்துணுக்கோடு சேர்ந்து மெழுகாகி, பல்லிடுக்கில் உட்காரும். கிளிப்பர் எண்ணெய் என்றே சின்னப் புட்டியில் விற்கிற மெல்லிய கனிம எண்ணெயை மட்டும் வாங்குங்கள். சமையல் எண்ணெய், என்ஜின் ஆயில் வேண்டாம்.

இறுக்கம்தான் அடுத்த குற்றவாளி. வெட்டாதபோது இறுக்கினால் சில நிமிடம் வெட்டும். அந்த ஆறுதலே ஏமாற்று. இறுக்கம் கூடினால் உரசல் கூடும், சூடு கூடும், கூர் இன்னும் வேகமாகப் போகும், மோட்டாரும் திணறும்.

வெட்டும்போது

டென்ஷன் நட்டை, அதாவது தகடுகளின் இறுக்கத்தை மாற்றும் நட்டை, எவ்வளவு திருப்புவது என்பது மெஷினுக்கு மெஷின் மாறும். சில கம்பெனிகள் விரலால் இறுகும்வரை திருகிவிட்டு ஒன்றரைச் சுற்று பின்னுக்கு வரச் சொல்கின்றன. வேறு சில, தடை தெரிந்த இடத்திலிருந்து கால் சுற்று முன்னுக்குப் போகச் சொல்கின்றன. இரண்டும் நேர் எதிர் என்பதால், உங்கள் மெஷினின் கையேட்டைத் தேடிப் பிடியுங்கள். கம்பெனி இணையதளத்தில் பெரும்பாலும் இருக்கும். எதுவானாலும், குறைந்த இறுக்கத்தில் தொடங்குவதுதான் விதி. வெட்டு மந்தமானால் முதலில் நிறுத்தி, பிரஷால் முடியைத் தட்டி, எண்ணெய் விடுங்கள். அப்படியும் வெட்டவில்லை என்றால் மட்டும் கால் சுற்று. மறுபடியும் அதே நிலை, மறுபடியும் கால் சுற்று என்று இரண்டு மூன்று தடவை போய்விட்டால் பிளேடு மழுங்கிவிட்டது. மாற்றுங்கள்.

எண்ணெய் ஐந்து முதல் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை. மெஷின் ஓடிக்கொண்டிருக்க, பல்வரிசையின் மேல் குறுக்காக மூன்று நான்கு சொட்டு, வெட்டியின் இரு பக்கமும் சீப்போடு உரசும் ஓரத்தில் ஒவ்வொரு சொட்டு, தலைப்பகுதியில் எண்ணெய்த் துளை இருந்தால் அதில் ஒன்றிரண்டு. பல்லைக் கீழ்நோக்கிப் பிடித்துச் சில விநாடி ஓடவிட்டு, நிறுத்தி, மிச்சத்தைத் துடையுங்கள். எண்ணெய் வழிய வழிய இருந்தால் முடி ஒட்டும்.

அதே இடைவெளியில் பிளேடை உங்கள் மணிக்கட்டின் உட்புறத்தில் வைத்துப் பாருங்கள். உங்களுக்குச் சுட்டால் குதிரைக்கும் சுடும். அக்குள், தொடையிடுக்கு, வயிற்றடி போன்ற மெல்லிய தோலில் அது தீக்காயமே ஆகும். ஒருமுறை சுட்ட குதிரை அடுத்த வருடம் மெஷின் சத்தம் கேட்டாலே உதைக்கும். ‘முரட்டுக் குதிரை’ என்று பெயர் வாங்கிய பல குதிரைகளின் கதை இதுதான், அதில் அதன் தப்பு எதுவும் இல்லை. குளிரூட்டும் ஸ்ப்ரே சூட்டை அந்த நேரத்துக்கு இறக்கும், ஆனால் எண்ணெயின் வேலையைச் செய்யாது. அடித்தால் பிறகு எண்ணெய் விட்டாக வேண்டும். நிரந்தரத் தீர்வு, பிளேடு ஆறும்வரை காத்திருப்பது அல்லது இன்னொரு செட்டை மாட்டுவது.

மெஷினின் காற்றுத் துளையை மறந்துவிடாதீர்கள். பின்புறச் சல்லடையில் முடி அடைத்தால் மோட்டார் சூடாகும், அந்தச் சூடு பிளேடு வரைக்கும் வரும். எண்ணெய் விட நிறுத்தும்போதெல்லாம் அதையும் ஒரு தட்டு. கரண்டில் ஓடும் மெஷின் என்றால் மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் ஆர்சிடி பிளக் இல்லாமல் மாட்டாதீர்கள்.

கோடு விழுவதற்கு மழுங்கல் மட்டுமே காரணம் அல்ல. அழுக்கு ரோமம், அவசரமாகத் தள்ளுவது, மெஷினைச் சாய்த்துப் பிடிப்பது, ஒரு பல் முறிந்திருப்பது எல்லாம் கோடு போடும். முடி வெட்டுப்படாமல் தகடுகளுக்கு இடையே மடிந்து சிக்கினால் இறுக்கம் போதாது, அல்லது உள்ளே முடி சிக்கியிருக்கிறது. நன்றாக வெட்டுகிறது, ஆனால் மூன்று நிமிடத்தில் கொதிக்கிறது என்றால் இறுக்கம் அதிகம், அல்லது எண்ணெய் இல்லை. இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்கப் பழகினால், கூர் இருக்கும் பிளேடைச் சாணைக்கு அனுப்ப மாட்டீர்கள்.

கழற்றிச் சுத்தம் செய்வது

ஒவ்வொரு குதிரை முடிந்ததும் இதைச் செய்யுங்கள். பழகினால் பத்து நிமிட வேலை.

1. பிளக்கைப் பிடுங்குங்கள் அல்லது பேட்டரியைக் கழற்றுங்கள். டென்ஷன் நட்டை முழுக்கத் தளர்த்தி, சீப்பைப் பிடித்திருக்கும் இரண்டு திருகாணிகளையும் தளர்த்தினால் இரண்டு தகடும் கையோடு வரும்.

2. பழைய பல்துலக்கும் பிரஷால் பல்லின் அடியிலிருந்து நுனி நோக்கித் தேயுங்கள். மெஷின் தலைக்குள் அடைந்திருக்கும் முடியையும் எடுங்கள். அந்தத் திணிந்த முடிதான் வெட்டியை ஒருபக்கமாகத் தூக்கிவிடுகிறது.

3. பிசுக்கு போகவில்லை என்றால் கிளிப்பருக்கென்று விற்கும் பிளேடு வாஷைப் பயன்படுத்துங்கள். ஓடும் மெஷினின் பல்நுனியை மட்டும் சின்ன மூடி அளவு திரவத்தில் முக்கலாம், தலை நனையக் கூடாது. அது பிசுக்கோடு எண்ணெயையும் கழுவிவிடும். துடைத்து, புதிதாக எண்ணெய் விடாமல் அப்படியே வைத்தால் நீங்கள் மண்ணெண்ணெயில் செய்த அதே தவறுதான்.

4. வெளிச்சத்தில் ஒவ்வொரு பல்லாகப் பாருங்கள். பஞ்சை மெல்ல இழுத்தால் முறிந்த நுனியில் நூல் மாட்டும். ஒரு பல் முறிந்திருந்தாலும் அந்தத் தகடு வேண்டாம், தோலைக் கிழிக்கும்.

5. திரும்ப மாட்டும்போது பளபளவென்று தீட்டிய முகங்கள் இரண்டும் ஒன்றையொன்று பார்க்க வேண்டும். வெட்டியின் நுனி சீப்பின் நுனியிலிருந்து ஏறத்தாழ 1.5 முதல் 2 மி.மீ. பின்னால் இருக்கட்டும். முன்னால் வந்தால் குதிரையை வெட்டும், மிகவும் பின்னால் போனால் முடியை வெட்டாது. திருகாணியைப் பாதி இறுக்கி, நேராக இருக்கிறதா என்று பார்த்து, பிறகு முழுக்க இறுக்குங்கள்.

மண்ணெண்ணெயை விட்டுவிடுங்கள். தோலை அரிக்கும், தீப்பற்றும், தகட்டை உலரவிடும். அதற்குமேல் நீங்கள் விட்ட சோப்பும் வெந்நீரும்தான் துருவுக்கு நேரடிக் காரணம். இந்தத் தகடுகள் பெரும்பாலும் கடினமாக்கிய கார்பன் எஃகு, சமையலறை எவர்சில்வர் அல்ல. துடைத்ததுபோல் தெரிந்தாலும் பல்லிடுக்கில் ஈரம் நின்றுவிடும். அதை மூடிய பிளாஸ்டிக் டப்பாவில் வைத்தால் ஒரே இரவில் துருப் பிடிக்கலாம். துருப்புள்ளி விழுந்த இடத்தில் இரண்டு தகடும் படிந்து உட்காராது. எண்ணெய் தடவி, எண்ணெய்த் துணியிலோ மெழுகுத் தாளிலோ ஜோடியாகச் சுற்றி, வீட்டுக்குள் உலர்ந்த இடத்தில் வையுங்கள். மெஷினில் மாட்டியபடியே வைப்பதானால் நட்டைத் தளர்த்திவிடுங்கள், ஸ்பிரிங் ஓயாது.

ஒரு சீப்பும் ஒரு வெட்டியும் எப்போதும் ஒரே ஜோடி. சேர்ந்தே தேய்ந்தவை சேர்ந்தே வெட்டும். ஜோடியை மாற்றிப் போட்டுவிட்டு இரண்டு செட்டுமே கெட்டுவிட்டதாக நினைப்பவர்கள் நிறைய. அழியாத மார்க்கரால் பின்புறத்தில் எண் போட்டுவிடுங்கள்.

சுத்தம் வேறு, கிருமி நீக்கம் வேறு

பளிச்சென்று இருக்கும் பிளேடிலும் பூஞ்சை இருக்கலாம். எண்ணெயும் முடியும் இருக்கும் பிளேடில் கிருமிநாசினி உள்ளே போகாது. ஆகவே மேலே சொன்ன சுத்தம் முதலில், கிருமி நீக்கம் பிறகு. வரிசையை மாற்ற முடியாது.

கிளிப்பர்களுக்கென்று விற்கும் கிருமிநாசினியில் பூஞ்சையைக் கொல்லும் என்று லேபிளில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். எத்தனை நிமிடம் ஈரமாக இருக்க வேண்டும் என்றும் அதிலேயே இருக்கும். பத்து நிமிடம் என்றால் பத்து நிமிடம்தான். அடித்தவுடன் துடைத்தால் வாசனை மட்டும்தான் மிச்சம். பிறகு துடைத்து உலரவிட்டு எண்ணெய். ப்ளீச் படர்தாமரையைக் கொல்லும், ஆனால் எஃகை அரித்துவிடும். அதைக் கதவுக்கும் வாளிக்கும் வைத்துக்கொள்ளுங்கள், பிளேடுக்கு வேண்டாம். சர்ஜிக்கல் ஸ்பிரிட்டால் துடைப்பது பூஞ்சை விதைத்துகளுக்கு எதிராக நம்பத்தக்கது அல்ல. மெஷினின் உடல், வயர், முடி தட்டும் பிரஷ், உங்கள் மேலங்கி இவையும் அதே கணக்கில் வரும்.

இப்போதைய நிலையில் நான் சொல்வது: அந்த இரண்டு செட்டையும் கிருமி நீக்கம் செய்து தனியே வையுங்கள். பரிசோதனை முடிவு வரும்வரை, அந்த மூன்றோடு ஒரே மேய்ச்சல் நிலத்தில் நின்ற குதிரைகளையும் கிளிப் செய்யாமல் இருப்பது நல்லது. ஒரு மாதம் ரோமத்தோடு இருப்பதால் எந்தக் குதிரைக்கும் கேடு இல்லை. அதிகம் வியர்த்தால் வேலையைக் குறைத்து நன்றாக உலர்த்தினால் போதும்.

சாணை

உப்புத்தாள் யோசனையைக் கைவிடுங்கள். தகட்டின் தீட்டிய முகம் தட்டையாகத் தெரிந்தாலும், நடுவில் மிக மெல்லிய குழிவு வைத்திருப்பார்கள். பல்நுனியும் பின்பக்க ஓரமும் மட்டும் தொட்டுக்கொள்வதற்காக. கையால் தேய்த்தால் அந்தக் குழிவு போய்விடும். பிறகு எவ்வளவு இறுக்கினாலும் நுனி சேராது. சாணைக்காரர்கள் சுழலும் வார்ப்பிரும்பு வட்டில் உராய்பொடி போட்டு இரண்டு தகட்டையும் சேர்த்தே தீட்டுகிறார்கள். அங்கே தபாலில் அனுப்பிச் சாணை பிடித்து வாங்குவது வழக்கம், செலவும் புது செட் விலையில் சிறு பங்குதான். சுத்தம் செய்து, ஜோடியாக அட்டையில் கட்டி அனுப்புங்கள். துரு மேலாக இருந்தால் சாணையில் போய்விடும், குழி விழுந்திருந்தால் அவர்களே சொல்வார்கள். படர்தாமரை இருந்த லாயம் என்பதால் கிருமி நீக்கம் செய்த பிறகே அனுப்ப வேண்டும், அதை ஒரு சீட்டில் எழுதியும் வையுங்கள். அடுத்த வருடத்துக்கான சாணையைச் சீசன் முடிந்த பிப்ரவரி, மார்ச்சிலேயே அனுப்பிவிடுங்கள். செப்டம்பர், அக்டோபரில் எல்லோரும் அனுப்புவார்கள், வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

சம்பளப் பிடித்தம்

இங்கே ஒரு கணக்கை மேனேஜர் முன் வைக்க வேண்டும். சுத்தமான குதிரையில், சரியாக எண்ணெய் விட்டு வெட்டினாலே ஒரு செட் பிளேடு சாணைக்கு முன் இரண்டு மூன்று முழுக் கிளிப் தாங்கும். அடர்ந்த முடியுள்ள காப் என்றால் அதற்கும் குறைவு. 11 குதிரைக்கு இரண்டு செட் என்பது, கைதேர்ந்தவர் பிடித்திருந்தாலும் நடுவில் சாணைக்குப் போயிருக்க வேண்டிய கணக்கு. துருவுக்கும் அதிக இறுக்கத்துக்கும் நீங்கள் பொறுப்பு, அதை ஒப்புக்கொள்ளுங்கள். பிளேடு மழுங்கியதற்கு முழுப் பொறுப்பும் உங்களுடையது அல்ல. 20 குதிரைக்கு, இருமுறை கிளிப் செய்வதானால், ஐந்தாறு செட்டாவது சுழற்சியில் இருக்க வேண்டும்.

நான் வழக்கறிஞர் அல்ல. ஆனாலும் இரண்டு விஷயங்கள் தெளிவானவை. பிரிட்டனில் 1998-ஆம் ஆண்டின் வேலைக்கருவிகள் ஒழுங்குமுறைப்படி, வேலைக்குத் தரும் கருவியைச் சரியான நிலையில் வைத்திருப்பதும் அதைக் கையாளப் பயிற்சி தருவதும் முதலாளியின் கடமை. 1996-ஆம் ஆண்டின் வேலை உரிமைச் சட்டப்படி, வேலை ஒப்பந்தத்தில் அப்படி ஒரு விதி இருந்தாலோ, நீங்கள் முன்கூட்டியே எழுத்தில் சம்மதித்திருந்தாலோ தவிர, பொருள் கெட்டதற்காகச் சம்பளத்தில் பிடிக்க முடியாது. ஆகவே உங்கள் ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். இப்போது எந்தத் தாளை நீட்டினாலும் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். ஏற்கெனவே பிடித்துவிட்டால், வேலைத் தகராறுகளுக்கு இலவசமாக ஆலோசனை தரும் ஆகாஸ் (Acas) அமைப்பின் உதவி எண்ணில் உடனே பேசுங்கள். புகாருக்குக் காலக்கெடு உண்டு, தள்ளிப்போட வேண்டாம்.

சண்டையாகத் தொடங்க வேண்டாம் என்பது என் எண்ணம். படர்தாமரைச் சந்தேகத்தைச் சொல்லும் அதே பேச்சில், மூன்று கோரிக்கை வையுங்கள்: கிளிப்பர் எண்ணெயும் கிருமிநாசினியும், கூடுதலாக மூன்று நான்கு செட் பிளேடு, அனுபவமுள்ள ஒருவர் ஒரு நாள் கூட நின்று காட்டித்தருவது. கூடவே ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். தேதி, எந்தக் குதிரை, எந்த எண் பிளேடு, எப்போது சாணைக்குப் போனது, எப்போது கிருமி நீக்கம் செய்தது. எந்த வட்டம் எந்தக் குதிரையிலிருந்து எதற்குப் போனது என்று மருத்துவர் தேடும்போதும், பிளேடு ஏன் மழுங்கியது என்று மேனேஜர் கேட்கும்போதும் அந்த நோட்டையே எடுத்துக் காட்டலாம்.